அட்வான்ஸ் வாங்கினால் ஆளும் அடமானமா?

வாசகர் கேள்வி பதில்: பழங்குடியினரும் பன்னாட்டுத் தொழிலாளர் சட்டமும்

காவிரிப் படுகை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம். ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறோம். கேட்டவர்களில் சிலர் இன்னும் அதே முதலாளியின் களத்தில் வேலை பார்க்கிறார்கள்.

கேள்வி: ‘பழங்குடியினருக்கான ஐ.எல்.ஓ. 169-ஐ அமல்படுத்து’ என்று எங்கள் ஊரில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்த 169 இந்தியாவைக் கட்டுப்படுத்துமா?
வாசகர், மன்னார்குடி

கட்டுப்படுத்தாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 169-ஆவது உடன்படிக்கை 1989-இல் நிறைவேறி 1991-இல் நடைமுறைக்கு வந்தது. நேபாளம் 2007-இல் அதை ஏற்று உறுதி செய்தது. இந்தியா செய்யவில்லை. இந்தியாவைக் கட்டுப்படுத்துவது அதற்கு முந்தைய 107-ஆவது உடன்படிக்கை. 1957-இல் வந்த அதை இந்தியா 1958 செப்டம்பர் 29-இல் ஏற்றது. புதியது வந்துவிட்டதால் பழையது செத்துப்போய்விடவில்லை. இனி எந்த நாடும் 107-இல் புதிதாகச் சேர முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே சேர்ந்து, 169-க்கு மாறாமல் இருக்கும் நாடுகளை அது இன்றும் கட்டுப்படுத்துகிறது.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மனுவில் 169 என்று எழுதினால், ‘இந்தியா இதை ஏற்கவில்லை’ என்ற ஒரே வரியில் பதில் வந்துவிடும், உள்ளே எழுதிய நியாயத்தை யாரும் படிக்க மாட்டார்கள். 107 என்று எழுதினால் அப்படித் தள்ள முடியாது. அதில் 9-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்து, அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கச் சொல்கிறது. 11, 12-ஆம் பிரிவுகள் நிலத்தையும் வெளியேற்றத்தையும் பற்றியவை. 15-ஆம் பிரிவு வேலைக்கு ஆள் எடுப்பதையும் வேலை நிபந்தனைகளையும் பற்றியது.

107-க்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. பழங்குடிகளை மெல்ல மெல்லப் பொதுச் சமூகத்தில் கரைத்துவிடுவதே முன்னேற்றம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது அது. அந்த எண்ணத்தைக் கைவிடத்தான் 169 வந்தது. அதனால் 169-ஐ மனுவில் ஆதாரமாகக் காட்டாதீர்கள், ஆனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதற்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் 20-ஆம் பிரிவு பருவகால வேலையாட்கள், மேஸ்திரி மூலம் போகும் ஆட்கள், பூச்சிமருந்து ஆபத்து, கடனுக்கு உழைப்பு, பாலியல் தொல்லை என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நம் களத்து மேட்டைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும்.

இன்னொன்று: ‘பூர்வகுடி’ என்ற சொல்லை இந்திய அரசு தனியொரு மக்களுக்கு உரியதாக ஏற்பதில்லை. மனுவில் ‘பட்டியல் பழங்குடியினர்’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் இருளர் குடும்பங்கள் செங்கல் காளவாசலில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கல் அறுக்கிறார்கள். வாரச் சந்தைக்குப் போய் வருகிறார்கள், யாரும் பூட்டி வைக்கவில்லை. இது கொத்தடிமையில் சேருமா?
வாசகர், கொள்ளிடம்

சேரலாம். பூட்டும் சங்கிலியும் இருந்தால்தான் கொத்தடிமை என்று நினைப்பது அதிகாரிகள் பலரிடமும் உள்ள தவறு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்பணமோ கடனோ வாங்கியிருக்க வேண்டும். அதன் காரணமாகக் கீழ்க்கண்ட நான்கில் ஒன்று பறிபோயிருக்க வேண்டும். கூலி இல்லை அல்லது பேருக்குக் கூலி. வேறு இடத்தில் வேலை பார்க்கும் உரிமை இல்லை. விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை இல்லை. தன் பொருளையோ உழைப்பின் விளைச்சலையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை இல்லை. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. ‘கணக்கைத் தீர்த்துவிட்டு எங்கே வேணும்னாலும் போ’ என்ற சொல்லே இரண்டாவது உரிமையைப் பறித்துவிடுகிறது. சந்தைக்குப் போகும்போது பிள்ளைகளைக் களத்தில் விட்டுப் போகிறார்களா என்று பாருங்கள். பிணையாக நிற்பது அந்தப் பிள்ளைகள்தான்.

கூலிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். தொகைகளை எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறோம். ஒரு ஜோடி 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்குகிறது. ஆயிரம் கல்லுக்கு 900 ரூபாய். நடுச்சாமத்தில் எழுந்து மண் குழைத்து, அச்சில் அறுத்து, காயவைத்து, அடுக்கி நாளுக்கு ஆயிரம் கல் என்றால் 6 நாளுக்கு 5,400 ரூபாய். வாரச் செலவுக்கு 2,000 கொடுத்துவிட்டு மீதி 3,400-ஐ அட்வான்ஸில் கழிப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் 12 வாரத்தில் 40,800 ரூபாய் கழிந்திருக்க வேண்டும், கடன் தீர்ந்து 800 கையில் மிஞ்ச வேண்டும். ஆனால் சீசன் முடியும்போது நோட்டில் இன்னும் பாக்கி நிற்கும். மழையில் கரைந்த கல், உடைசல், ஆஸ்பத்திரிச் செலவு, திருவிழாவுக்கு வாங்கியது என்று ஏறியிருக்கும். மழை நட்டம் முதலாளியுடையது, அதை அறுத்தவர் தலையில் கட்டுவதே முதல் மோசடி. அந்த நோட்டு முதலாளியிடம் மட்டுமே இருக்கும் என்பது இரண்டாவது. ஆகவே கேட்கத் தொடங்கும் அன்றே, எத்தனை கல் அறுத்தார்கள், எவ்வளவு பணம் கைக்கு வந்தது என்று ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் ஆயிரத்துக்கு ஒரு கோடு என்று சுவரில் போட்டாலும் போதும், அதைப் படம் எடுத்து வைக்கலாம்.

900 ரூபாய் இருவருக்கு, அதுவும் 12 மணி நேரத்துக்கு மேல் உழைப்புக்கு. தலைக்கு 450. அது அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருந்தால், அதுவே அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. கட்டாய உழைப்பு பற்றிய ஐ.எல்.ஓ. 29-ஆவது உடன்படிக்கையையும் இந்தியா 1954-இலேயே ஏற்றிருக்கிறது.

கொத்தடிமை என்று ஆனபின் அந்தக் கடன் என்ன ஆகும்? 1976 சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி அந்தக் கணமே ஒழிந்துவிடுகிறது. திருப்பித் தர வேண்டியதில்லை. ஒழிந்த கடனுக்குப் பணம் வாங்கினால் வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை. ‘இது கொத்தடிமைக் கடன் இல்லை’ என்று நிரூபிக்கும் பொறுப்பு 15-ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது, உழைத்தவருடையது இல்லை. 8-ஆம் பிரிவின்படி குடியிருக்கும் குடிசையிலிருந்தும் அவர்களை விரட்டக் கூடாது. தஞ்சை மண்ணில் இந்தச் சிந்தனை புதிதல்ல. பண்ணையாட்களைக் காக்க 1952-லேயே தஞ்சை மாவட்டத்துக்கென்று தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பண்ணை போய்க் காளவாசல் வந்திருக்கிறது.

புகாரை ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுதுங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். காளவாசல் இருக்கும் இடம், அடையாளம், குழந்தைகள் உட்பட எத்தனை பேர், எந்தத் தேதியில் வந்தார்கள், அழைத்து வந்த மேஸ்திரி யார், அட்வான்ஸ் எவ்வளவு, கல் கூலி எவ்வளவு, கடைசியாக எப்போது வெளியேறப் பார்த்தார்கள், அப்போது என்ன சொல்லித் தடுத்தார்கள், ஆதார் அட்டை யார் கையில் இருக்கிறது ஆகிய எல்லாம் வேண்டும். ‘கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்ற ஒற்றை வரி மனு எங்கும் போய்ச் சேராது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கொடுக்காதீர்கள். செய்தி களத்துக்குப் போய்ச் சேர்ந்து, இரவோடு இரவாகக் குடும்பங்களை வேறு மாவட்டக் களத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நேரில் தனியாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கேள்வி: அதிகாரிகள் வந்து, முதலாளியிடம் பேசி, கடனைத் தள்ளுபடி செய்யவைத்து, வண்டி வைத்துக் குடும்பங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிரச்சினை முடிந்ததா?
வாசகர், திருத்துறைப்பூண்டி

முடியவில்லை. கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அதிகாரி எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அடுத்த தை மாதம் அதே குடும்பம் அதே களத்தில் நிற்கும். சமரசம் செய்து அனுப்புவதும், குறைந்தபட்சக் கூலித் தகராறு என்று பதிவு செய்வதும் அதிகாரிகளுக்குச் சுலபம், ஆனால் அதில் உழைத்தவருக்கு எதுவும் கிடைக்காது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. அதன்பின் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற மிகக் கொடிய நிலையிலிருந்து மீண்டோருக்கு 3 லட்சம். இதெல்லாம் விடுதலைச் சான்றிலிருந்தே தொடங்குகிறது. முழுத் தொகை வழக்கின் முடிவைப் பொறுத்தது. ஆனால் தீர்ப்பு வரவில்லை என்று சொல்லி உடனடி உதவியை நிறுத்தி வைக்கக் கூடாது.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே படியுங்கள். பெரும்பாலான தவறுகள் அந்த ஒரு தாளில்தான் நடக்கின்றன. களத்து நோட்டில் ‘ஜோடி’ என்று கணவர் பேரில் மட்டுமே கணக்கு இருக்கும், அதைப் பார்த்து அதிகாரியும் கணவருக்கு மட்டும் சான்று எழுதிவிடுவார். மனைவிக்குத் தனிச் சான்று வேண்டும், அவருக்கான தொகையே பெரிது. மண் உருண்டை போட்ட பிள்ளைகளுக்கும் தனித்தனியே வேண்டும். முதலாளி பெயர், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, அட்வான்ஸ் தொகை எவ்வளவு என்பவை இல்லாத சான்றால் வழக்கு நிற்காது. களம் ஒரு மாவட்டம், சொந்த ஊர் வேறு மாவட்டம் என்றால், சொந்த மாவட்ட ஆட்சியருக்குக் கோப்பு அனுப்பப்பட்டதற்கான கடித எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலம் முதலாளியோ மேஸ்திரியோ இல்லாத இடத்தில், ஒவ்வொருவரிடமும் தனியாக எடுக்கப்பட வேண்டும். களத்திலேயே வரிசையாக நிற்கவைத்துக் கேட்டால், ‘எங்களுக்கு ஒரு குறையும் இல்லை’ என்றுதான் வரும்.

1976 சட்டத்தில் தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். ஒரு காளவாசல் முதலாளிக்கு அந்த 2,000 ரூபாய் ஒரு நாள் விறகுச் செலவுகூட ஆகாது. அதனால்தான் முதல் தகவல் அறிக்கையில் இன்னும் இரண்டு சட்டங்களைச் சேர்க்கச் சொல்கிறோம். பாதிக்கப்பட்டவர் பழங்குடியினராகவும் முதலாளி பட்டியல் இனத்தையோ பழங்குடியையோ சேராதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எச்) பிரிவு. அதில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, விசாரணையை துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி நடத்த வேண்டும், முதற்கட்ட விசாரணை என்று சொல்லிப் பதிவைத் தள்ளிப்போட முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ அழைத்து வந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 143, ஆள்கடத்தல். பதிய மறுத்தால் 14566 என்ற வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்ணில் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணை மனுவோடு இணையுங்கள். இலவச வழக்கறிஞருக்கு 15100.

கேள்வி: அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். கூட 11, 12 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். சொந்தக்காரப் பிள்ளை என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?
வாசகர், ஒரத்தநாடு

ஊர் ஊராக ஆடு ஓட்டிப் போய்க் கிடை போடும் கீதாரிகள் பலர் தங்கள் பிள்ளைகளோடு குடும்பமாகவே வருகிறார்கள். அதனால் சந்தேகத்தை அவர்கள் எல்லார் மீதும் ஏற்றிவிட வேண்டாம். பையனின் தாய் தந்தை கூட இருக்கிறார்களா, எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு, இரவில் கிடையில் தனியாகப் படுக்கிறானா என்ற மூன்றைக் கவனித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நீங்களே பையனை உட்காரவைத்து விசாரிக்காதீர்கள், அன்றிரவே அவன் இடம் மாற்றப்படுவான். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, தகவல் பழையதாகிவிடுவது. கிடை சில நாளைக்கு ஒருமுறை வயல் விட்டு வயல் நகரும். மீட்புக் குழு வரும்போது வெறும் புழுக்கைதான் கிடக்கும். எந்த வயல்காரர் கிடை பேசினார், அடுத்து யார் வயல் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பா, தாளடி அறுப்பு முடிந்து மேட்டூர்த் தண்ணீர் வரும் வரை உள்ள மாதங்களில் கண்ணை விழிப்பாக வையுங்கள்.

மீட்ட பையனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கு அட்வான்ஸ் கொடுத்து எடுத்த பிள்ளை என்றால், குழந்தைத் தொழிலாளர் என்பதோடு நிறுத்தாமல் கொத்தடிமை விடுதலைச் சான்றும் கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 79-ஆம் பிரிவு 18 வயது வரை பொருந்தும், 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் அபராதமும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஐ.எல்.ஓ. 138, 182-ஆவது உடன்படிக்கைகளை இந்தியா 2017-இல் ஏற்றது. கொத்தடிமையாகப் பிள்ளையை வைத்திருப்பதை 182 குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களில் ஒன்றாகச் சொல்கிறது.

கேள்வி: சாதிச் சான்று இல்லாததால் எதுவும் நகரவில்லை. எங்கள் நரிக்குறவர் குடியிருப்பில் சிலரிடம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்று இருக்கிறது. இருளர் பிள்ளைகளிடம் எதுவுமே இல்லை.
வாசகர், கும்பகோணம்

நரிக்குறவர், குருவிக்காரரைப் பட்டியல் பழங்குடியாகச் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. பழைய சான்று இனி உதவாது, புதிதாக எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்று கொடுப்பவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது அரசாணைப் பட்டியலில் உள்ள பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே தேர்வு செய்யுங்கள். ஊர் வழக்குப் பெயரைப் போட்டால் திரும்பி வரும்.

சான்றே இல்லாத இருளர் குடும்பத்தில் முதலில் யாரிடமாவது, சித்தப்பா மகனிடமாவது, சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். தந்தை வழி உறவைக் காட்டும் கொடிவழிப் பட்டியலோடு அதை இணைத்தால் பாதி வேலை முடியும். பள்ளி மாற்றுச் சான்றில் வேறு சாதி எழுதியிருந்தால் மறைக்காதீர்கள். ஏன் அப்படி எழுதப்பட்டது என்று மனுவிலேயே விளக்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தமிழ்நாட்டில் இருளரும் காட்டுநாயக்கரும் உட்பட ஆறு சமூகங்கள் மிகவும் நலிந்த பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. 2023 நவம்பரில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். ஜன்மன் திட்ட வீடுகள் அவர்களுக்கானவை.

(கொத்தடிமை விடுதலைச் சான்றுக்குச் சாதிச் சான்று தேவையே இல்லை. அது இல்லை என்று மீட்பைத் தள்ளிப்போட்டால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.)

கேள்வி: கொள்ளிடக் கரைப் படுகையில் பழங்குடிக் குடும்பங்கள் இரண்டு தலைமுறையாக இருக்கிறார்கள். காலி செய்ய நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம் ஜெனீவாவில் உள்ள ஐ.எல்.ஓ.வுக்கு நேராக எழுதலாமா?
வாசகர், திருவாரூர்

முதலில் நோட்டீஸைப் பாருங்கள். நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் விளக்கம் கேட்பது, 6-ஆம் பிரிவு வெளியேற்றும் ஆணை. 7 வந்ததும் பதில் தராமல் விட்டால் 6 தானாக வரும். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கேட்டு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை, நீதிமன்றங்கள் அதற்கு இடம் தருவதில்லை. வெள்ளக் கரையில் பிள்ளைகளோடு கிடப்பதும் நல்லதல்ல. மாற்று இடம் தராமல் வெளியேற்றக் கூடாது என்பதில் உறுதியாக நில்லுங்கள். 107-ஆவது உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, பழங்குடிகளை விதிவிலக்காக வெளியேற்ற நேர்ந்தால் முன்பிருந்ததற்குக் குறையாத நிலம் தரவேண்டும் என்கிறது. நர்மதா வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்து அணையைத் தடுக்க மறுத்தது, ஆனால் வெளியேற்றினால் ஈடான நிலம் என்ற பொருளை ஏற்றது. உங்கள் பதிலில் அந்தப் பொருளைச் சுட்டுங்கள். கேட்கும் இடத்தின் சர்வே எண்ணையும் நீங்களே தேடிக் கொடுங்கள். மீன், நண்டு பிடித்துப் பிழைப்பவர்களை ஆற்றிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினால் அந்த வீடு பூட்டியே கிடக்கும்.

ஜெனீவாவுக்கு எழுதலாம், ஆனால் தனிமனிதரோ ஊர்க்குழுவோ எழுத முடியாது. தொழிலாளர் அல்லது முதலாளிகள் அமைப்புதான் எழுத முடியும். உங்களுடையது தொழிற்சங்கம் என்பதால் தகுதி உண்டு. ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு., எச்.எம்.எஸ். போன்ற மத்தியச் சங்கம் எதனோடாவது இணைந்திருந்தால் அவர்கள் வழியாக அனுப்புவது வலுவாக இருக்கும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏற்ற உடன்படிக்கைகளை நாடுகள் எப்படிக் கடைப்பிடிக்கின்றன என்று பார்க்கும் ஐ.எல்.ஓ. நிபுணர் குழுவுக்குக் கருத்துரை. இது செப்டம்பர் 1-க்குள் போய்ச் சேர வேண்டும். அந்தக் குழு ஆண்டின் கடைசி மாதங்களில் கூடி அரசிடம் விளக்கம் கேட்கிறது. சர்தார் சரோவர் அணையால் இடம்பெயர்ந்த பழங்குடிகள் விஷயத்தை 107-இன் கீழ் இந்தியாவிடம் இந்தக் குழுதான் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று, அமைப்பின் சாசனம் 24-ஆம் பிரிவின்படி முறையீடு. எழுத்தில் இருக்க வேண்டும், 24-ஆம் பிரிவு என்று பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும், அந்த நாடு ஏற்ற உடன்படிக்கையைச் சுட்ட வேண்டும், எந்த வகையில் அரசு தவறியது என்று காட்ட வேண்டும். இதில் 169 என்று எழுதினால் முதல் படியிலேயே நின்றுவிடும்.

ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மூன்றில் ஒன்றில் அனுப்புங்கள். தமிழ் நோட்டீஸ், விடுதலைச் சான்று, மனு ஒப்புகைகளின் நகல்களை மொழிபெயர்ப்போடு இணையுங்கள். ஐந்தாறு பக்கம் போதும். எந்தத் தேதியில் என்ன மனு, யாருக்கு, என்ன பதில் என்ற அட்டவணை அதில் கட்டாயம் இருக்கட்டும். கீழே கொடுத்த மனுக்களின் ஒப்புகை இல்லாமல் மேலே போகும் கடிதத்துக்கு, ‘எங்களிடம் புகாரே வரவில்லை’ என்ற அரசின் பதிலை மறுக்க வழி இருக்காது. ஜெனீவா ஆண்டுக் கணக்கில் எடுக்கும், நோட்டீஸ் நாள் கணக்கில் ஓடும். ஆகவே 7-ஆம் பிரிவு நோட்டீஸுக்கான பதிலை அதில் சொன்ன கெடுவுக்குள் கொடுத்துவிட்டு, பிறகு ஜெனீவாக் கடிதத்தை எழுத உட்காருங்கள்.